இது, உது, அது

நாற்பத்தாறு வயதுக்காரன் ஒருவன் தண்ணீர்த் தம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பையனிடம் மிகுந்த பணிவோடு, "இது என்ன?" என்று கேட்கிறான். "தண்ணீர்" என்கிறான் பையன். அடுத்தது ரொட்டி. அதற்கடுத்தது கரண்டி. பிறகு ஜன்னல், மேஜை, நாற்காலி. பையன் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவன், நாற்காலிக்கு அப்புறம் அம்மாவின் பக்கம் திரும்பி, "இவருக்கு ஒன்றுமே தெரியாதா?" என்று கேட்டுவிடுகிறான்.

அந்த நாற்பத்தாறு வயதுக்காரன் நான்தான். பையன் என் தங்கையின் பிள்ளை. இடம் பெல்கிரேட் நகரத்தில், காலெனிச் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடிச் சமையலறை. காலம் 2022 செப்டம்பர்.

இருபது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவன் நான். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படிக்காதவன் என்றாலும், சொல்லுக்குப் பஞ்சமில்லாதவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தச் சமையலறையில் என்னிடம் இருந்தவை மொத்தம் மூன்று சொற்கள். "ஷ்தா யெ ஒவோ?" என்ன, ஆகிறது, இது. ஸெர்பிய பாஷையின் முதல் பாடத்தில் முதல் வரி அதுதான். குழந்தைகளும் வெளியூர்க்காரர்களும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

நான் ஏன் அங்கே போய் நின்றேன் என்று சொல்லிவிட வேண்டும். சொல்ல அவ்வளவு இஷ்டமில்லை. ஆனாலும் சொல்லாமல் இந்த இலக்கணம் விளங்காது.

என் தங்கை சென்னையில் வேலை பார்த்த காலத்தில் அங்கே வந்திருந்த ஸெர்பியப் பொறியாளர் ஒருவரை விரும்பி, 2016இல் பெல்கிரேடில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எங்கள் அப்பா உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தி வந்த அன்று கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, "அவள் இனி என் மகள் அல்லள்" என்றார். கோபத்திலும் விகுதி பிசகவில்லை. வேறு யாராயிருந்தாலும் "எனக்கு மக இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். அம்மா ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்தபடியே, "அல்லளோ என்னவோ, இங்கே இல்லாமப் போயிட்டாளே" என்றாள்.

என் நாவல்களைப் படித்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அவற்றில் ஜாதி விட்டு ஜாதி கல்யாணம் செய்துகொள்ளாத கதாநாயகியே அபூர்வம். பெற்றவர்களை எதிர்த்து ஒன்றரைப் பக்கம் பேசுகிற அண்ணன்மார்களை நான் படைத்திருக்கிறேன். அன்றைக்குத் தூணோரம் நின்ற அண்ணனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. பத்திரிகைக்கு அத்தியாயம் அனுப்ப நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். அப்புறம் ஆறு வருஷம் அவளோடு பேசவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. நாளை பேசலாம் என்றுதான் ஆறு வருஷமும் போயிற்று.

அம்மா மட்டும் என் மனைவியின் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். கிணற்றடியில் நின்று பேசிவிட்டு, போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பாள். 2022 ஜனவரியில் அம்மா போய்விட்டாள். தங்கையால் வந்துசேர முடியவில்லை. அல்லது, வா என்று சொல்ல வேண்டிய நான் சொல்லவில்லை. இரண்டில் எது சரியான வாக்கியம் என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

எட்டு மாதம் கழித்து நானே புறப்பட்டேன். அப்பாவிடம், "பெல்கிரேட் போகிறேன்" என்றேன். அவர் தினசரியை மடித்து வைத்தார், மறுபடி பிரித்தார். கிளம்புகிற அன்று பார்த்தால், கட்டி வைத்த பெட்டியின் மேல் பழைய வேட்டித் துணியில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. அவிழ்த்தேன். வெள்ளிப் பாலாடை. எனக்கும் தங்கைக்கும் அம்மா பால் புகட்டியது. அதை யார் அங்கே வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் தங்கை, "வாங்கண்ணா" என்றாள்.

எங்கள் வீட்டில் அவள் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். அடிக்கிற வயதிலிருந்து வந்த வழக்கம். இப்போது 'ங்க' சேர்ந்திருந்தது. மரியாதை சில சமயம் எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்திவிடுகிறது! ஸெர்பிய பாஷையிலும் இந்த இரண்டும் உண்டு என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன். நெருங்கியவருக்குத் 'தி', மற்றவருக்கு 'வி'. அங்கேயும் மரியாதைக்குப் பன்மைதான். நம்மைப் போலவே.

பையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் குனிந்து, என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். "ஒவோ யெ த்வோய் ஊயாக்." என்ன சொன்னாய் என்றேன். "இது உன் மாமான்னு சொன்னேன். ஊயாக்னா அம்மாவோட அண்ணன் தம்பி. அப்பாவோட அண்ணன் தம்பின்னா ஸ்த்ரிட்ஸ். இங்கே எல்லாத்துக்கும் அங்கிள் கிடையாது" என்றாள். எனக்கு அந்தப் பாஷையின் மேல் மதிப்பு வந்தது அந்த நிமிஷத்தில்தான். தங்கை பிள்ளைக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்: ஸெஸ்த்ரிச். நாம் மருமான் என்கிறோம்.

மருமானுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். வா, போ, உட்காரு, சாப்பிடு, கத்தாதே, போதும். எல்லாம் ஏவல். தனியாக இருக்கிற ஒரு தாய் தன் பாஷையைப் பிள்ளையிடம் நாள் முழுவதும் எதற்குப் பயன்படுத்துவாள்? உத்தரவு போடத்தான். கதை சொல்வதற்கும் கொஞ்சுவதற்கும் பாட்டி வேண்டும், சித்தி வேண்டும், ஒரு தெரு வேண்டும். இதைப் பற்றி நான் மேலே யோசிக்க விரும்பவில்லை. அவனோடு பேச வேண்டுமானால் அவன் பாஷையை நான் கற்றுக்கொள்வது என்று முதல் நாளே முடிவு செய்தேன். எனக்கு ஐந்து வாரம் இருந்தது.

தங்கை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். அவள் அங்கே போன முதல் குளிர்காலத்தில் எழுதியது. ஸெர்பிய வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே அர்த்தம் போட்டிருந்தாள். சின்ன வயசிலிருந்து அவளுக்கு உருண்டையான கையெழுத்து. முதல் பக்கத்தைப் பிரித்ததும் இது இருந்தது:

ஒவோ — இது. என் கிட்ட இருப்பது.

தோ — உது. உன் கிட்ட இருப்பது.

ஒனோ — அது. ரெண்டு பேருக்கும் எட்டாதது.

நான் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். உது!

சுட்டெழுத்து மூன்று, அ, இ, உ என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும்தான் படித்தோம். சேய்மைக்கு அ, அண்மைக்கு இ, இரண்டுக்கும் நடுவே உ. 'உது என்கிற சொல் இக்காலத்தில் வழக்கொழிந்தது' என்று அப்பா வகுப்பில் சொல்வார். நான் அவர் வகுப்பிலேயே படித்தவன். சொல்லிவிட்டு ஒரு கணம் பேசாமல் நிற்பார், காலமானவர்களைப் பற்றிப் பேசும்போது நிற்பது போல. முழுக்க வழக்கொழியவில்லை என்பது எனக்குப் பிற்பாடு ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் பேசக் கேட்டுத்தான் தெரிந்தது. அவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, "உது என்ன புத்தகம்?" என்று வெகு சாதாரணமாகக் கேட்டார். எனக்குத் திருக்குறளே எழுந்து நடந்து வந்த மாதிரி இருந்தது.

நாம் தமிழ்நாட்டில் உதுவைத் தொலைத்துவிட்டு, அதன் வேலையையும் அதுவின் தலையில் கட்டிவிட்டோம். உன் கையில் இருப்பதும் 'அது', கடலுக்கு அப்பால் இருப்பதும் 'அது'. ஸெர்பியர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒருவன் தன் கையில் இருக்கிற புத்தகத்தைக் காட்டி, "ஷ்தா யெ ஒவோ?" (இது என்ன?) என்று கேட்டால், எதிரே இருப்பவன், "தோ யெ க்ஞிகா" என்பான். உது புத்தகம். கேட்டவனுக்கு இது; அதனால் சொல்கிறவனுக்கு உது. கேள்வியிலிருந்து பதிலுக்கு வருவதற்குள் சாமான் அசையவில்லை, சொல் மட்டும் எதிராளியின் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறது. இந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

கேட்டால் தங்கை சிரித்தாள். "இங்கே பாடம் நடத்தினவங்க திஸ், தட் ரெண்டையும் வச்சுக்கிட்டு இந்த மூணையும் விளக்கப் பாடுபட்டாங்க. வகுப்பில நான் ஒருத்திதான் தமிழ். எனக்குச் சட்டுனு புரிஞ்சுட்டுது. அப்பா சொன்னதுதானேன்னு."

அந்தப் பக்கத்தின் அடியில் பயிற்சி வாக்கியங்கள் எழுதியிருந்தாள். ஒவோ யெ மோய் ஸ்தோ — இது என் மேஜை. தோ யெ த்வோய் ஸ்தோ — உது உன் மேஜை. மூன்றாவது, 'ஒனோ யெ' என்று தொடங்கி, 'நாஷா குச்சா' என்று முடிந்திருந்தது. அது நம் வீடு. அதற்கு மட்டும் எதிரே தமிழ் எழுதவில்லை.

பக்கத்தைத் திருப்பினேன்.

ஸெர்பியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'இது புத்தகம்' என்று நாம் இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறோம். அவர்களுக்கு நடுவில் 'யெ' என்று ஓர் ஆணி வேண்டும். 'ஒவோ யெ க்ஞிகா.' இது ஆகிறது புத்தகம். அந்த ஆணியை அடிக்க மறந்துவிட்டு நான் பேசிய முதல் வாரம் முழுவதும், மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு அன்போடு காத்திருந்தார்கள்.

அதற்கு ஈடாக வேறொரு சௌகரியம். ஸெர்பியத்தில் சாமான்களுக்கெல்லாம் ஆண், பெண், அலி என்று பால் உண்டு. மேஜை ஆண், புத்தகம் பெண், பேனா இரண்டும் இல்லை. 'இந்த' என்ற சொல்கூட அதற்கேற்ப மாறும்: ஒவாய் ஸ்தோ, ஒவா க்ஞிகா, ஒவோ பெரோ. நம் உயர்திணை அஃறிணைக்குப் பழகிய மனசுக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. மேஜைக்கு எதற்கு மீசை? ஆனால் 'இது இன்னது' என்று அடையாளம் காட்டும்போது மட்டும் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. எதைக் காட்டினாலும், யாரைக் காட்டினாலும் 'ஒவோ'தான். இது மேஜை, இது புத்தகம், இது என் அண்ணன், இது என் அம்மா. இன்னதென்று தெரிகிற வரைக்கும் எல்லாம் ஒன்றுதான் என்று அந்தப் பாஷை வைத்திருக்கிறது.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. எனக்கு ஏழு வயசிருக்கும். அப்பாவைப் பார்க்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். காபி கொண்டுவந்த அம்மாவைக் காட்டி நான், "இது எங்கம்மா" என்றேன். அவர் போன பிறகு அப்பா என் காதைப் பிடித்தார். "அம்மா என்ன அஃறிணையா? 'இவர்' என்று சொல்." அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போகிற போக்கில், "இருக்கட்டும். பக்கத்தில இருந்தா 'இது'ன்னுதான் வரும்" என்றாள்.

தங்கையின் நோட்டில் இலக்கணத்தோடு அபிப்பிராயங்களும் இருந்தன. கதவுக்கு ஸெர்பியத்தில் 'வ்ராத்தா'. அது எப்போதும் பன்மை. ஒற்றைக் கதவானாலும் "ஒவோ ஸு வ்ராத்தா", 'இவை கதவுகள்' என்றுதான் சொல்ல வேண்டும். எதிரே தங்கை எழுதியிருந்தாள்: 'கதவுக்கு மரியாதைப் பன்மை!' 'ஷெச்செர்' என்ற சொல்லுக்கு நேரே: 'சர்க்கரைதான். நடந்தே வந்திருக்கு.' அது உண்மை. சமஸ்கிருதத்துச் சர்க்கரா பாரசீகம் போய், துருக்கி போய், துருக்கியர் ஆட்சியோடு பால்கன் நாடுகளுக்கு வந்து ஷெச்செர் ஆகியிருக்கிறது. தேநீர் அங்கே 'சாய்'. இஞ்சியை 'ஜூம்பிர்' என்கிறார்கள். ஹங்கேரி வழியாக, லத்தீன் வழியாகப் பின்னோக்கிப் போனால் அது நம் இஞ்சி வேரில் வந்து நிற்கிறது என்று சொற்பிறப்பு ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். வெளியூரில் இப்படி ஒரு சொல் கண்ணில் பட்டால், கூட்டத்தில் நம் ஊர்க்காரரின் முதுகைப் பார்த்த மாதிரி இருக்கிறது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார் என்று தெரியும். இருந்தாலும் ஒரு சந்தோஷம்.

இரண்டாவது வாரம் காலெனிச் சந்தைக்குத் தனியாகப் போனேன். செப்டம்பரில் அந்தச் சந்தை முழுக்கச் சிவப்புக் குடமிளகாய். மூட்டை மூட்டையாக வாங்கிப் போய், சுட்டுத் தோலுரித்துக் கிண்டி, குளிர்காலத்துக்கு 'ஆய்வார்' என்று ஒரு தொக்குப் போட்டு வைக்கிறார்கள். மாலையில் தெருவில் நடந்தால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் மிளகாய் சுடுகிற வாசனை. நம் ஊராயிருந்தால் தெருவே தும்மிக்கொண்டிருக்கும். அது இனிப்பு மிளகாய், தும்மல் வராது. ஏதோ ஒன்று குறைகிறாற்போல் நான்தான் மூக்கைத் தேய்த்துக்கொண்டேன்.

ஒரு கடையில் மஞ்சளாக, மேலே பஞ்சு ஒட்டினாற்போல் சொரசொரப்பாக ஒரு பழம். ஆப்பிள் இல்லை, பேரிக்காயும் இல்லை. கையில் எடுத்து, மனசுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, கடைக்காரக் கிழவியிடம் கேட்டேன். "ஷ்தா யெ ஒவோ?"

"தோ யெ தூஞா" என்றாள் அவள், கணமும் யோசிக்காமல். உது தூஞா. என் கையில் இருந்ததால் உது. ஆயிரக்கணக்கான வருஷமாக நம் இலக்கணத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிற விதியை, தலையில் முக்காடு போட்ட ஒரு பால்கன் கிழவி தராசைத் துடைத்துக்கொண்டே செய்து காட்டினாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் பயந்துபோயிருக்க வேண்டும். இன்னொரு தூஞாவை எடுத்து இனாமாகப் பையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து கொடுத்ததும் தங்கை இரண்டையும் முகர்ந்து பார்த்துத் துணி அலமாரியின் மேல் வைத்தாள். அங்கே அப்படி ஒரு பழக்கம். குளிர்காலம் முழுவதும் அறை மணக்குமாம். "அம்மா தாழம்பூ வைப்பாளே, புடவைக்கு நடுவில" என்றாள். வந்து பத்து நாளில் அவள் அம்மா பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

நோட்டுப் புத்தகம் தமிழ் எழுத்தில் இருந்தது போதவில்லை. தெருப் பலகை படிக்க வேண்டாமா? ஸெர்பியத்துக்கு இரண்டு எழுத்து. ஸிரிலிக் ஒன்று, லத்தீன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் ஸிரிலிக், இரண்டாவதில் லத்தீன் கற்றுக்கொடுக்கிறார்கள். முப்பது எழுத்துக்கு முப்பது ஒலி. எழுதியபடி படிக்கலாம், பேசியபடி எழுதலாம். இந்த ஒழுங்குக்குக் காரணமானவர் வூக் கராஜிச் என்பவர். அவர் நினைவுச் சிலை இருக்கிற பூங்காவுக்கு ஒரு சாயங்காலம் மருமானோடு நடந்து போனேன்.

1787இல் த்ர்ஷிச் என்ற கிராமத்தில் பிறந்தவர். கால் ஊனம். வியன்னாவில் உட்கார்ந்துகொண்டு, பாமரர் பேசுகிற ஸெர்பியத்துக்கு 1814இல் ஓர் இலக்கணமும் 1818இல் ஓர் அகராதியும் போட்டார். அகராதியில் 26,000 சொற்களுக்கு மேல். அதுவரை படித்தவர்கள் எழுதியது சர்ச் வாடை வீசுகிற ஒரு கலப்பு நடை. மாடு மேய்க்கிறவன் பேச்சுக்கு இலக்கணமா என்று மதத் தலைவர்களும் பண்டிதர்களும் சீறினார்கள். அவர் வசைச் சொற்களைக்கூட விடாமல் அகராதியில் சேர்த்திருந்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆயிற்று. 1864இல் அவர் இறந்து நாலு வருஷம் கழித்துத்தான், 1868இல், ஸெர்பியாவில் அவருடைய எழுத்துமுறை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. இப்போது அவர் எலும்புகள் பெல்கிரேடின் தலைமைக் கோவில் வாசலில் கௌரவமாகப் புதைந்திருக்கின்றன. இந்த மாதிரி விஷயங்களில் எல்லா ஊர்ப் பண்டிதர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

எனக்கு அவர் பெயர்தான் அதிகம் பிடித்தது. வூக் என்றால் ஓநாய். அவருக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. சூனியக்காரிகள் குழந்தைகளைத் தின்றுவிடுகிறார்கள், ஓநாய் என்று பெயர் வைத்தால் கிட்டே வர மாட்டார்கள் என்று அப்படிப் பெயர் வைத்தார்களாம். அவரே இதைச் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்து எமனை ஏமாற்றுகிறோம். அவர்கள் பயமுறுத்துகிறார்கள். வழி வேறு, பிள்ளையை இழந்தவள் ஒருத்திதான். இதை மருமானுக்கு ஸெர்பியத்தில் சொல்ல முயன்றேன். என்னிடம் இருந்த சொற்களை வைத்து, "இது வூக். வூக் ஓநாய். இது ஓநாய் அல்ல" என்கிற வரைக்கும்தான் வந்தது. அவனுக்கு அதுவே மிகவும் திருப்தியாக இருந்தது. வழியெல்லாம், "இது நாய். இது ஓநாய் அல்ல. இது மாமா. இது ஓநாய் அல்ல" என்று கத்திக்கொண்டு வந்தான்.

அல்ல என்பதற்கு ஸெர்பியத்தில் 'நியெ'. 'தோ நியெ ஹ்லெப்' என்றால் உது ரொட்டி அல்ல. வேறு ஏதோ. ரொட்டியே கிடையாது, தீர்ந்துவிட்டது என்றால் அதற்குத் தனிச் சொல், 'நெமா'. 'நெமா ஹ்லெபா.' ரொட்டி இல்லை. நியெ, நெமா இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று வரக் கூடாது. அப்பா முப்பத்து நான்கு வருஷம் பையன்களின் நோட்டில் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தது இதைத்தான். 'அது நான் இல்லை' என்று எழுதினால் அடித்துவிட்டு 'அல்லேன்' என்று போடுவார். நாம் எல்லாம் ஒரே 'இல்லை'யில் காலம் தள்ளுகிறோம். அந்த ஊரில் காய்கறிக்காரிகூடப் பிசகுவதில்லை.

மருமானுக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. மூன்று கிண்ணத்தைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் எலுமிச்சம்பழத்தை மறைத்து வைப்பான். ஒவ்வொன்றாக நான் தூக்க வேண்டும். "இமா?" என்பான். இருக்கிறதா? "நெமா" என்பேன் நான். இல்லை. அவன் கைகொட்டுவான். நாளைக்கு இருபது தடவை இந்த 'இமா, நெமா' நடக்கும்.

ஒரு நாள் அவன் என் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தான். வேட்டித் துணி முடிச்சை எடுத்து வந்தான். "ஷ்தா யெ ஒவோ?" என்றான். முதல் தடவையாக அவன் கேட்டான், நான் பதில் சொல்ல வேண்டும். மூக்கு நீண்ட அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நோட்டுப் புத்தகத்தில் அதற்குச் சொல் கிடையாது. "தோ யெ பாலாடை" என்றேன். அவன், "பாலாதை" என்றான். அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்துப் பார்த்தான்.

முடிச்சோடு அம்மாவின் புகைப்படம் ஒன்றும் வைத்திருந்தேன். அதையும் எடுத்தான். "கோ யெ ஒவோ?" கோ என்றால் யார். இது யார்?

"தோ யெ த்வோயா பாக்கா." உன் பாட்டி.

"க்தெ யெ பாக்கா?" பாட்டி எங்கே?

எனக்குத் தெரிந்த சொற்களில் தேடினேன். எங்கே என்பதற்குப் பதில் சொல்ல இடம் வேண்டுமே. மேஜைமேல், அலமாரியில், சந்தையில் என்று நாலைந்து தெரியும். அதில் எதுவும் உதவாது. அவன் என் முகத்தைப் பார்த்தான். படத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தான். அவனே, "நெமா யெ" என்றான்.

'யெ' என்றால் 'ஆகிறது' என்று படித்திருந்தேன். இங்கே அது அப்படி இல்லை, 'அவள்' என்று அர்த்தம், வேற்றுமை ஏற்ற 'அவள்' என்று தங்கை பிறகு விளக்கினாள். அவள் இல்லை. அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, துணி மடித்துக்கொண்டே விளக்கினாள். விளக்கி முடித்துவிட்டு, "நீ ஏன் அண்ணா அன்னைக்கு ஒண்ணும் சொல்லலே?" என்றாள்.

எந்த அன்று என்று நான் கேட்கவில்லை. "தெரியலே" என்றேன். அவள் நாலு சட்டை மடித்தாள். "சரி" என்றாள். 'நீ' என்று சொன்னாளே என்பதை நான் ராத்திரி படுத்த பிறகுதான் கவனித்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்தேன். வாராவாரம் செய்வதுதான். அவரிடம் இருப்பது பழைய பொத்தான் போன். முகம் தெரியாது, குரல் மட்டும். "சாப்பிட்டியா?", "குளிரா?", "எப்ப திரும்பறே?" இந்த மூன்று கேள்வியோடு முடித்துவிடுவார். யார் வீட்டில் இருக்கிறேன் என்பது பேச்சில் வராது. அன்றைக்கும் மூன்றும் முடிந்தன.

"அப்பா, இவங்க பாஷையில உது இருக்கு" என்றேன்.

"எது?"

"உது. உகரச் சுட்டு. இது, உது, அது மூணும் இருக்கு."

சிறிது நேரம் சத்தமே இல்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஏட்டிலேயா, வழக்கிலேயா?"

"வழக்குலதான். அஞ்சு வயசுப் பையன் பேசறான்."

"ம்" என்றார். "விளி வேற்றுமை உண்டா?"

"உண்டு. ஊயாக்னா மாமா. கூப்பிடறப்ப ஊயாச்செ."

"ஈறு திரியறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "பாலாடைக்கு அங்கே என்ன பேரு?" என்றார்.

பாலாடையைக் கொண்டுவந்த விஷயத்தை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"இவங்களுக்கு அப்படி ஒரு சாமான் கிடையாதுப்பா. பாலாடைன்னுதான் சொல்லிக் கொடுத்திருக்கேன். பாலாதைங்கறான்."

"திருத்து."

தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். பையன் என் மடியில் ஏறி, போனுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறவன் போல அதைத் தன் பக்கம் இழுத்தான். "கோ யெ தோ?" என்றான் உரக்க.

"என்ன கேக்கறான்?" என்றார் அப்பா.

"உது யாருன்னு கேக்கறான்."

தங்கை ஈரக் கையோடு வந்தாள். "அதை ஸ்பீக்கர்ல போட்டு மேஜைமேல வை. நீ பேசாம இரு" என்றாள் என்னிடம்.

வைத்தேன். கும்பகோணத்துக் கூடத்தில் ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிடுவது கேட்டது. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார், வகுப்பு ஆரம்பிக்கும்போது கனைப்பது போல.

"தாத்தா" என்றார்.

பையன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"தெதா?" என்றான் அவன். தாத்தாவுக்கு அவர்கள் பாஷையில் அதுதான்.

"தாத்தா" என்றார் அப்பா மறுபடியும்.

"தெதா."

"ம்" என்றார் அப்பா. "இருக்கட்டும்."